வரிசையும் விலையும்

விடுதி உணவுச்சாலையின் வாயிலில் நண்பகல் மணி அடித்தவுடன் மாணவர் வரிசையாக நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வரிசையின் நடுவே ஒருவன் வந்து நுழைவானாயின், பின் நின்றோர் அனைவரும் ஒருங்கே முறுமுறுப்பர். நுழைந்தவன் செல்வர் மகனாயினும், விளையாட்டிற் புகழ் பெற்றவனாயினும், தேர்வில் முதல்வனாயினும் அம்முறுமுறுப்புக் குறைவதில்லை. முன் வந்தவன் முன்னும், பின் வந்தவன் பின்னுமாக நிற்றல் வேண்டும் என்னும் இச்சிறு முறைமையைக் கற்பிப்பார் இன்றியே குழந்தைகளும் அறிந்துகொள்கின்றன.

இங்ஙனம் யாவரும் மதிக்கும் முறைமையொன்றை விலைக்கு விற்கலாமோ? விற்பின், வாங்குவோன் பெறுவது யாது? வாங்காதோன் இழப்பது யாது? இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்ற இடம் அமெரிக்க நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களே ஆகும். ஏனெனில், வரிசையில் முந்தும் உரிமை அங்கே வெளிப்படையாக விலை குறித்து விற்கப்படுகின்றது. அதன் வரலாற்றையும், அஃது இயங்கும் முறையையும், அதன்கண் அமைந்த நியாய அநியாயங்களையும் இக்கட்டுரையின்கண் சுருக்கமாக எடுத்துரைக்க முயல்வாம்.

டிஸ்னிலாந்து என்னும் பூங்கா கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில் 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் திறக்கப்பட்டது. சித்திரத் திரைப்படங்களாற் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி என்பவரே அதனை நிறுவினார். கோட்டையும், காடும், ஆறும், சிறு புகைவண்டியும் அங்கே செயற்கையாக அமைக்கப்பட்டன. தொடக்கத்தில் பூங்காவினுள் நுழைதற்குக் கட்டணம் வேறு. ஒவ்வொரு சவாரிக்கும் உரிய கட்டணம் வேறு. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சீட்டுப் புத்தகங்கள் வழக்கிற்கு வந்தன. ஏ, பி, சி என்னும் எழுத்துகளால் சவாரிகள் தரம் பிரிக்கப்பட்டன. 1956-இல் டி என்பதும், 1959-இல் ஈ என்பதும் சேர்ந்தன. எளிய சவாரிக்கு ஏ சீட்டு. மிகச் சிறந்த சவாரிக்கு ஈ சீட்டு. உயர்ந்ததொன்றை 'ஈ டிக்கெட்' என்று கூறும் வழக்கு அமெரிக்கரின் அன்றாடப் பேச்சிலும் நுழைந்துவிட்டது.

இம்முறையின் தன்மையை நாம் நன்கு மனத்திற்கொள்ளல் வேண்டும். ஈ சீட்டுக்கு மிகுந்த பணம் கொடுத்தவனும், அச்சீட்டு வைத்திருந்த ஏனையோருடன் ஒரே வரிசையிலேயே நின்றான். அவன் கொடுத்த விலை இருக்கைக்கு உரிய விலை. இடத்தை முந்துதற்கு உரிய விலையன்று. மேலும், சிறந்த சவாரிக்கு விலை மிகுந்திருந்தமையால், மக்கள் அதனை அளவறிந்து துய்த்தனர். கையிலிருந்த எளிய சீட்டுகளைக் கொண்டு சிறு சவாரிகளுக்கும் சென்றனர்.

1982-ஆம் ஆண்டில் அச்சீட்டுகள் கைவிடப்பட்டன. ஒரே கட்டணம் கொடுத்து உட்புகுந்தோர் எல்லாச் சவாரிகளையும் எத்தனை முறை வேண்டுமாயினும் துய்க்கலாம் என்னும் முறை நிலைபெற்றது. இது பெருந்தன்மையாகவே தோன்றும். ஆயினும் இதன் பயன் வேறொன்றாயிற்று. உள்ளே விலை என்னும் தடை இல்லாமற் போனமையால், மிகச் சிறந்த இரண்டு மூன்று சவாரிகளையே யாவரும் நாடினர். பணம் நின்ற இடத்தில் பொறுமை வந்து நின்றது. எவன் நெடுநேரம் நிற்க வல்லனோ அவனே ஏறினான்.

இந்நெரிசலைத் தணித்தற்பொருட்டு 1999-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தார் 'ஃபாஸ்ட்பாஸ்' என்னும் விரைவுச் சீட்டினைக் கொண்டுவந்தனர். சவாரியின் வாயிலில் நிறுத்தப்பட்ட இயந்திரத்தினுள் நுழைவுச் சீட்டைச் செலுத்தினால், குறித்ததொரு மணி வேளையில் திரும்பி வருக என்று அச்சிட்ட துண்டொன்று வெளிவரும். அவ்வேளையில் வருவோர் தனிவழியே விரைந்து ஏறலாம். இதற்குத் தனிக்கட்டணம் இல்லை. பூங்காவினுள் வந்தோர் யாவரும் பெறலாம். 2014-ஆம் ஆண்டளவில் புளோரிடா மாநிலத்துப் பூங்காக்களில் இத்துண்டுச் சீட்டு ஒழிந்து, முன்னதாகவே பதிவு செய்துகொள்ளும் முறை வந்தது. நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும், பிறர் 30 நாட்களுக்கு முன்பும் பதிவு செய்யலாயினர். அப்பொழுதும் பணம் கேட்கப்படவில்லையாயினும், விடுதிக்கு மிகுந்த வாடகை கொடுப்போர்க்கு முதலிடம் என்னும் வேறுபாடு முளைத்துவிட்டது.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பூங்காக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபொழுது இலவச விரைவுச் சீட்டுத் திரும்பவில்லை. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், புளோரிடாவில், 'ஜீனி பிளஸ்' என்னும் பெயரால் அதே தனிவழி விலைக்கு விற்கப்பட்டது. தொடக்க விலை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். மிகச் சிறந்த சவாரிகள் சில அதிலும் அடங்கவில்லை. அவற்றிற்கு வேறாகப் பணம் கொடுத்தல் வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த நாளில் விலை மிகும் என்னும் ஏற்பாடும் வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதன் பெயர் 'லைட்னிங் லேன்', அதாவது மின்னல் வழி, என்று மாறிற்று. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், நேரம் குறித்துக்கொள்ளாமலே விரும்பிய பொழுது ஒவ்வொரு சவாரிக்கும் ஒருமுறை முந்திச் செல்லும் உயர்தரச் சீட்டொன்று அறிமுகம் செய்யப்பட்டது. புளோரிடாவில் அதன் விலை, பூங்காவிற்கும் நாளுக்கும் ஏற்ப, வரி நீங்கலாக 129 டாலர் முதல் 449 டாலர் வரை என்று அறிவித்தனர். உயர்ந்த விலை நாளில் நால்வர் அடங்கிய குடும்பமொன்று முந்துதற்கு மட்டும் 1,796 டாலர் கொடுத்தல் வேண்டும். நுழைவுக் கட்டணம் இதன் வேறு.

இது டிஸ்னி நிறுவனத்தாரின் வழக்கம் மட்டுமன்று. யூனிவர்சல் பூங்காக்களில் 'எக்ஸ்பிரஸ்' என்னும் பெயரால் முந்தும் சீட்டு விற்கப்படுகின்றது. நம் அண்டையிலுள்ள கொச்சி, பெங்களூரு வொண்டர்லாப் பூங்காக்களிலும் இத்தகைய விரைவுச் சீட்டு உண்டு. ஆகலின் இது கடல் கடந்த செய்தி என்று நாம் ஒதுக்கிவிடுதற்கு இல்லை.

இனி, இம்முறை இயங்கும் விதத்தை நோக்குவாம். ஒவ்வொரு சவாரிக்கும் மணி ஒன்றுக்கு இத்தனை பேரை ஏற்றலாம் என்னும் அளவொன்று உண்டு. வண்டிகளின் எண்ணிக்கையும், ஒவ்வொன்றிலும் உள்ள இருக்கைகளும், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே விடவேண்டிய காலமுமே அவ்வளவைத் தீர்மானிக்கும். பொது வரிசையும் தனிவழியும் சவாரிக்குச் சற்று முன்னர் ஓரிடத்தில் வந்து கூடும். அங்கே நிற்கும் ஊழியர், தனிவழியினரில் இத்தனை பேர், பொது வரிசையினரில் இத்தனை பேர் என்று கணக்கிட்டு உட்செலுத்துவார். தனிவழியினர் மிகுந்தால் பொது வரிசைக்குக் கிடைக்கும் பங்கு குறையும். விரைவுச் சீட்டு எத்தனை விற்றாலும் வண்டியில் ஓர் இருக்கையும் கூடுவதில்லை.

இதனைச் சிறியதோர் உதாரணத்தால் விளக்குவாம். ஐந்து நிமிஷத்திற்கு ஒருவரை ஏற்றிச் செல்லும் சவாரியொன்றன் முன் பன்னிருவர் நிற்பதாகக் கொள்வோம். முதல்வன் உடனே ஏறுவான். இரண்டாமவன் 5 நிமிஷம் காத்திருப்பான். மூன்றாமவன் 10 நிமிஷம். இங்ஙனமே பன்னிரண்டாமவன் 55 நிமிஷம் காத்திருப்பான். பன்னிருவரும் காத்த காலத்தைக் கூட்டினால் 330 நிமிஷம் ஆகும். இப்பொழுது கடைசியில் நின்ற மூவர் பணம் கொடுத்து முன்னே வந்துவிட்டனர் என்க. அவர்கள் முன்னர்க் காத்திருக்க வேண்டியது 45, 50, 55 ஆக 150 நிமிஷம். இப்பொழுது காப்பது 0, 5, 10 ஆக 15 நிமிஷமே. அவர்கள் மிச்சப்படுத்தியது 135 நிமிஷம். எஞ்சிய ஒன்பதின்மரோ ஒவ்வொருவரும் மூன்று இடம் பின்தள்ளப்பட்டனர்; ஒவ்வொருவரும் 15 நிமிஷம் மிகுதியாகக் காத்தனர். ஒன்பதைப் பதினைந்தாற் பெருக்கினால் 135. மூவர் பெற்றதும் ஒன்பதின்மர் இழந்ததும் ஒரு நிமிஷமும் பிழையாது ஒத்திருத்தல் காண்க. மொத்தம் முன் போலவே 330 நிமிஷம். காலம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைம்மாறிற்றேயன்றிச் சிறிதும் சுருங்கவில்லை.

இவ்வுண்மை வரிசைகளைப் பற்றிய கணித நூலாருக்குப் புதியதன்று. கோபன்ஹேகன் நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் தேங்குவதை ஆராய்ந்து, ஏ. கே. எர்லாங் என்பார் 1909-ஆம் ஆண்டில் இத்துறையின் முதற் கட்டுரையை வெளியிட்டார். வரிசையில் நிற்போரின் சராசரித் தொகை, வருவோரின் விகிதத்தைச் சராசரிக் காத்திருப்பாற் பெருக்கியதற்குச் சமம் என்பதை 1961-இல் ஜான் லிட்டில் என்பார் நிறுவினார். யாரை முன் ஏற்றினாலும், யாரைப் பின் ஏற்றினாலும், இருக்கை வீணாகாமல் ஏற்றும்வரை, எல்லாருக்கும் பொதுவான சராசரி மாறுவதில்லை என்பது அதன்வழிப் பெறப்படும்.

இங்ஙனமாயின் மூவர் கொடுத்த பணம் யாரிடம் சென்றது? இதுவே இப்பொருளின் உயிர்நிலையான வினா எனக் கருதுகின்றோம். சந்தையில் ஒருவன் பொருளை மற்றொருவன் வாங்கினால், பொருளை இழந்தவன் பணத்தைப் பெறுவான். வரிசையில் முன் நிற்பவனிடம், 'ஐயா, எனக்கு அவசரம். இத்தொகையைப் பெற்றுக்கொண்டு உமது இடத்தைத் தருக' என்று கேட்டு, அவனும் இசைந்தால், அதுவும் நேரிய வாணிகமே. பூங்காவிலோ, காலத்தை இழந்தோர் அந்த ஒன்பதின்மர்; பணத்தைப் பெற்றவர் பூங்காவின் உடைமையாளர். ஒன்பதின்மரின் இசைவு கேட்கப்படவுமில்லை. அவர்கள் நுழைவுக் கட்டணத்தில் ஒரு காசும் குறைக்கப்படவுமில்லை. பழைய ஈ சீட்டு விற்றது நிறுவனத்தாரின் இருக்கையை. புதிய மின்னல் வழிச் சீட்டு விற்பது பிறருடைய பொறுமையை.

இலவச விரைவுச் சீட்டில் இக்குறை இல்லையோ எனின், அதிலும் ஒன்று உண்டு. துண்டுச் சீட்டுப் பெற்றவன், தன் வேளை வரும்வரை வேறொரு சவாரியின் வரிசையிற் சென்று நின்றான். ஒருவனே ஒரே பொழுதில் இரண்டு வரிசைகளில் நின்றவன் ஆயினான். எனினும் அவ்வுரிமை எல்லார்க்கும் ஒத்ததாக இருந்தது. காலையில் முந்தி எழுந்தவன் எவனும் அதனை அடையக்கூடும்.

விற்பனையை ஆதரிப்போர் கூறும் காரணங்களையும் நடுவுநிலையோடு கேட்டல் வேண்டும். புகைவண்டியில் முதல் வகுப்பு உண்டன்றோ என்பர். உண்டு, ஆயின் முதல் வகுப்பிற்குத் தனிப்பெட்டி இணைக்கப்படுகின்றது. அதில் ஏறினவன் மெத்தையிற் சாய்ந்து செல்லுதலால், பொது வகுப்பினன் ஊர் சேரும் வேளை தாழ்வதில்லை. ஆகவே இவ்வுவமை பொருந்தாது.

வரும் பணத்தாற் புதிய சவாரிகள் கட்டலாம் என்பர். அங்ஙனம் கட்டின் இருக்கைகள் பெருகும். நின்றோர்க்கும் பயன் உண்டாம். இக்காரணத்தை யாம் மறுக்கவில்லை. ஆயினும், இன்று நிற்பவன் இழந்த காலத்திற்கு, என்றோ கட்டப்படும் சவாரி ஈடாவது எங்ஙனம்? பல்லாயிரம் மைல் கடந்து வாழ்நாளில் ஒருமுறை வருவோர் பலர் மீண்டும் வரப்போவதில்லை.

காலத்தை உயர்வாக மதிப்பவனே மிகுந்த விலை கொடுப்பான். ஆதலின் விலை வைத்தால் காலம் தக்காரிடம் சேரும் என்பது பொருளாதார நூலார் சிலர் கருத்து. இருவர் கையிலும் ஒத்த பணம் இருப்பின் இஃது உண்மையே. ஒருவன் பையில் ஆயிரமும், மற்றவன் பையில் பத்தும் இருக்கும்பொழுது, விலை அளப்பது விருப்பத்தை மட்டுமன்று, பையையும் சேர்த்தே அளக்கின்றது. பல ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன் மக்களை ஒரே நாள் அழைத்து வந்த தொழிலாளிக்கு அந்நாளின் ஒவ்வொரு மணியும் விலை மதிப்பற்றது. அவனே மின்னல் வழியை வாங்க இயலாதவன்.

விரும்பாதோர் வாங்க வேண்டா என்பது இறுதிக் காரணம். வாங்குவோர் பெருகப் பெருகப் பொது வரிசை நெடிதாகின்றது. நெடிதாக ஆக, வாங்க விரும்பாதோரும் வாங்குமாறு நெருக்கப்படுகின்றனர். பாதி மனத்தோடு வாங்கும் தந்தை பெறுவது புதிய வசதியொன்றன்று. முன்பு விலையின்றிப் பெற்றதையே இப்பொழுது மீட்டுக்கொள்கின்றான். மேலும், வரிசை குறுகியிருப்பின் முந்தும் சீட்டை வாங்குவார் இலர். ஆகவே, வரிசை நீளுதலால் விற்பவனுக்கு ஆதாயம் உண்டாகின்றது. நோய் தீர்ப்பவனே நோயால் வாழ்பவனாயின் நாம் சற்று விழிப்பாயிருத்தல் தகும். நிறுவனத்தார் வேண்டுமென்றே வரிசையை நீட்டுகின்றனர் என்று யாம் கூறவில்லை; வெறுப்புற்ற மக்கள் மறுமுறை வாராரென்பதை அவர்களும் அறிவர்; உயர்தரச் சீட்டின் எண்ணிக்கையை அளவோடு நிறுத்தியும் வைத்துள்ளனர். ஆயினும் ஆதாயம் இருக்கும் திசை இதுவென்பது மறைத்தற்கில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மைக்கேல் சாண்டெல் என்னும் பேராசிரியர், பணத்தால் வாங்கத்தகாதவை எவை என்பதைப் பற்றி 2012-இல் வெளியிட்ட நூலை, இத்தகைய வரிசை விற்பனையைக் கொண்டே தொடங்கியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

முந்துதல் எப்பொழுதும் தீதோ எனின், அன்று. நெடுநேரம் நிற்கவியலாத உடற்குறையுடையார்க்கு வழிவிடுதல் நாகரிக மக்களின் கடமை. டிஸ்னிப் பூங்காக்களில் அவர்களுக்கெனத் தனிச் சலுகை அட்டை நெடுநாள் இருந்தது. செல்வர் சிலர் உடற்குறையுடையாரைக் கூலிக்கு அமர்த்தி, அவரோடு உறவினர் போல முந்திச் செல்கின்றனர் என்னும் செய்தி 2013-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் நிறுவனத்தார் அவ்வட்டையை நீக்கி, பொது வரிசையின் காத்திருப்புக்கு ஒத்த நேரம் கழித்து வருமாறு குறித்துத் தரும் வேறு முறையை ஏற்படுத்தினர். அதாவது, உடலால் நிற்க வேண்டா. காலத்தால் மட்டும் காத்திருத்தல் போதும். 2024-இல் அச்சலுகைக்கு உரியோர் யார் என்னும் விதி மேலும் இறுக்கப்பட்டது. முன்பு பெற்ற குடும்பங்கள் சில அதனை இழந்து வருந்தின. இதனால் நாம் அறிவது யாது? முந்தும் உரிமை விலையுயர்ந்த சரக்காகிவிட்டால், அதனை இரக்கத்தால் இலவசமாகப் பெறுவோர்மேல் ஐயம் படர்கின்றது. பொய்யர் நுழைவர்; பொய்யரைத் தடுக்கும் வேலி மெய்யரையும் கீறும்.

நெரிசலைத் தணித்தற்கு நல்வழிகளும் அப்பூங்காக்களிலேயே உள்ளன. நால்வர் அமரும் வண்டியில் மூவர் அடங்கிய குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை வெறிதாகச் செல்லும். அதனை நிரப்புதற்குத் தனியாக ஏற இசைவோர்க்கென ஒரு வரிசை சில சவாரிகளில் உண்டு. அவ்வரிசையினர் விரைந்து ஏறுகின்றனர். ஒருவர் காலத்தையும் கவரவில்லை. வீணாகும் இருக்கையே அவர்க்குரியதாகின்றது. இதற்குக் கட்டணமும் இல்லை. சிறு குழந்தையோடு வரும் பெற்றோருள் ஒருவர் ஏறும்பொழுது மற்றவர் குழந்தையோடு இருந்து, பின் மீண்டும் முழுவரிசையும் நில்லாமல் ஏறும் முறையும் உண்டு. சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காக்களிற் பல்லாண்டு விற்கப்பட்ட சீட்டு வகைகளுள் மிக எளியது, வரிசையின் இடத்தைக் கருவியொன்றிற் குறித்துக்கொண்டு, அதே நேரம் கழித்து வரச்செய்வது. அச்சவாரியில் அது யாரையும் முந்துவதன்று. நிழலிற் காத்திருக்கும் வசதியையே விற்றது. அதற்கு மேற்பட்ட வகைகளோ காத்திருப்பைப் பாதியாகவும் அதனினும் குறைவாகவும் சுருக்கித் தந்தன. அங்கேதான் பிறர் காலம் கைம்மாறத் தொடங்கிற்று.

ஆகவே, விரைவுச் சீட்டு என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பது தெளிவு. அவற்றைப் பகுத்தறிய மூன்று வினாக்கள் போதும். இச்சீட்டால் புதிய இருக்கை உண்டாகின்றதா, அல்லது வீணாகும் இருக்கை பயன்படுகின்றதா? அன்றெனின், யாருடைய காலம் குறைந்து யாருக்குச் சேர்கின்றது? இழந்தவனுக்கு ஈடாக யாதேனும் கிடைக்கின்றதா? இவ்வினாக்களைப் பூங்காவின் வாயிலில் மட்டுமன்று, புகைவண்டிச் சீட்டு, மருத்துவமனை, அரசாங்க அலுவலகம் முதலிய இடங்களிலும் நாம் கேட்டல் வேண்டும். பூங்காவில் ஒரு சவாரி தவறினால் ஒரு குழந்தை சற்று அழும். மருத்துவமனை வாயிலில் இடம் தவறினால் நேரும் இழப்பு அத்தன்மைத்தன்று.

சீட்டு வாங்குவோரை இகழ்தல் எம் கருத்தன்று. வெயிலில் வாடும் குழந்தையைத் தோளிற் சுமந்து நிற்கும் தந்தை, கையிற் பணமிருந்தால் வாங்குவான். அவ்விடத்தில் யாமும் வாங்குவோம். ஆயினும் தனிவழியே விரைந்து செல்லும்பொழுது, அருகிலே கயிற்றுக்கு அப்பால் நிற்போரை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. நாம் செலுத்திய பணம் அவர்களைச் சேரவில்லை. அவர்கள் கொடுத்த காலமோ நம்மைச் சேர்ந்துவிட்டது. உணவுச்சாலை வாயிலில் இடையே நுழைந்தவனைக் கண்டு முறுமுறுக்கும் நாம், அவன் கையில் அச்சிட்ட சீட்டொன்று இருந்தால் ஏன் வாய்வாளாது இருக்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தம்முள் எண்ணிப் பார்ப்போமாக.